பங்கு வாங்காதவருக்கு ஏன் வேலை போனது? வரலாற்று ஆசிரியர்களின் கேள்விகள்

கேள்வி: 1929-இல் தொடங்கிய பெருமந்தம் (உலகப் பொருளாதார வீழ்ச்சி) பற்றிப் பாடம் நடத்தி முடித்த பிறகும், ‘பங்குச் சந்தை சரிந்தது, அதனால் எல்லோருக்கும் வேலை போனது’ என்றே மாணவர்கள் எழுதுகிறார்கள். நடுவில் நடந்ததை எப்படிப் புரியவைப்பது?

பதில்: அவர்கள் விட்டுவிடுவது வங்கியை. அதை நடித்துக் காட்டச் செய்யுங்கள். பத்து மாணவர்களுக்கு ஆளுக்கு 100 என்று எழுதிய சீட்டு, இவர்கள் டெபாசிட்தாரர்கள். ஒருவர் வங்கியாளர், ஒருவர் ஆலை முதலாளி, மூவர் தொழிலாளர்கள். சேர்ந்த 1,000-இல் 100-ஐப் பெட்டியில் வைத்துக்கொண்டு 900-ஐ வங்கியாளர் ஆலைக்குக் கடன் தரட்டும். முதலாளி அதை உங்களிடம் கொடுத்து ‘இயந்திரம்’ என்று எழுதிய அட்டையை வாங்கிக்கொள்ளட்டும்.

இனி ஒரே ஒரு டெபாசிட்தாரரிடம் ‘வங்கி தள்ளாடுகிறதாம்’ என்ற துண்டுத்தாளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுங்கள். அவர் 100-ஐ எடுத்ததுமே பெட்டி காலி. அடுத்தவர் வந்து கேட்டால் வங்கியாளர் ஆலையிடம்தான் போக வேண்டும். ஆலையில் இருப்பதோ இயந்திரம். அவசரத்தில் விற்றால் பாதி விலைகூடத் தேறாது. ஆலை மூடுகிறது, மூன்று தொழிலாளர்களும் எழுந்து வெளியே போகிறார்கள். அவர்களில் ஒருவரிடமும் பங்கு இருந்ததில்லை.

நேரமில்லை என்று முதலாளி பாத்திரத்தை வெட்டிவிடாதீர்கள். அது இல்லையென்றால் ‘வங்கிக்காரர் பணத்தைத் தின்றுவிட்டார்’ என்ற முடிவுக்கே பிள்ளைகள் வருவார்கள். இரண்டாம் சுற்றில் ‘டெபாசிட்டுக்கு அரசு பொறுப்பு’ என்ற அட்டையை எல்லோருக்கும் கொடுத்து, அதே வதந்தியை விடுங்கள். இப்போது ஓடிவர யாருக்கும் காரணமில்லை. 1930 முதல் 1933 வரை அமெரிக்காவில் சுமார் 9,000 வங்கிகள் மூடப்பட்டதையும், 1933-இல் டெபாசிட் காப்பீட்டுச் சட்டம் வந்ததையும் இதற்குப் பிறகே சொல்லுங்கள். வங்கி மட்டுமே காரணமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 1930-இல் அமெரிக்கா இறக்குமதி வரியை உயர்த்தியதும், மற்ற நாடுகள் பதிலுக்கு உயர்த்தியதும் வணிகத்தை இன்னும் முடக்கின.

கேள்வி: ‘ஜெர்மனியில் பணவீக்கம் வந்ததால் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார்’ என்று எழுதினால் மதிப்பெண் கொடுக்கலாமா?

பதில்: முழு மதிப்பெண் கொடுக்காதீர்கள். இரண்டு வெவ்வேறு நெருக்கடிகள் அங்கே ஒன்றாகக் குழம்பியிருக்கின்றன. பணம் மதிப்பிழந்தது 1923-இல். அந்த நவம்பரில் ஒரு டாலருக்கு 4,20,000 கோடி மார்க். புது நாணயம் வந்ததும் அது அடங்கியது. 1932-இல் நிலைமை நேர்மாறு: விலைகள் இறங்கிக்கொண்டிருந்தன, வேலையற்றோர் சுமார் 60 லட்சம் பேர். நாஜிக் கட்சியின் வாக்கு விகிதத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள்: 1928-இல் 2.6%, 1930-இல் 18.3%, 1932 ஜூலையில் 37.3%. ‘பணவீக்கம்தான் காரணம் என்றால் 1928-இல் ஏன் இவ்வளவு குறைவு?’ என்ற கேள்வியை மாணவர்களே கேட்கும்வரை காத்திருங்கள். பணவீக்கத்தில் சேமிப்பை இழந்த நடுத்தர வர்க்கத்தின் கசப்பு மிச்சமிருந்தது உண்மைதான். வாக்குகளைப் பெருக்கியது வேலையின்மையும் அதைச் சமாளிக்க முடியாத அரசுகளும்.

கேள்வி: வீட்டுக் கடன், வேலையிழப்பு பற்றி மாணவர்களையே பேசச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். வகுப்பில் யார் வீட்டில் இப்போது அந்தக் கஷ்டம் நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. கற்பனைக் குடும்பம் ஒன்றின் மாதவரவையும் செலவையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். வருமானம் பாதியானால் எதை முதலில் நிறுத்துவார்கள் என்று அதை வைத்தே பேசட்டும்.