குழந்தைகள் இடம் மாறினால் பால்வாடியும் கூடவே போகிறதா?

ஒரு நகரத்தில் குடியிருப்பவர்கள் மாறும்போது குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்குமான சேவைகள் என்ன ஆகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் 22 வருடம் பால்வாடி டீச்சராக இருந்தவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் முதலில் வேலை பார்த்த மையம் கூவம் கரையை ஒட்டி இருந்தது. காலையில் பிள்ளைகள் உட்கார இடம் போதாது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றோரக் குடும்பங்களை நகரத்தின் தெற்கு ஓரத்தில் தள்ளி இருக்கும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். படிப்பு வருடத்தின் நடுவில். வருகைப் பதிவேட்டில் பாதிப் பெயர்களை அடித்தேன். எடை பார்க்கும் மெஷின், பொம்மைகள், ஆயா எல்லாம் அப்படியே இருக்க, ஏழு பிள்ளைகள் மிஞ்சினார்கள்.

அப்புறம் எனக்கும் அந்தப் பக்கமே மாறுதல் வந்தது. அங்கே பிள்ளைகள் நிரம்பி வழிந்தார்கள். மக்கள்தொகையில் 400 முதல் 800 பேருக்கு ஒரு அங்கன்வாடி என்பது விதி. ஆனால் தலைக்கணக்கு 2011-இல் எடுத்தது. 2021 கணக்கெடுப்பு நடக்கவே இல்லை. பத்து வருடத்துக்கு மேல் பழைய கணக்கில் பிள்ளைகள் இன்னமும் ஆற்றங்கரையில்தான் இருந்தார்கள்.

கட்டடத்தை விட நேரம்தான் பெரிய சிக்கல். வீடு மாறியது, அம்மாவின் வீட்டு வேலை மயிலாப்பூரிலேயே இருந்தது. விடியுமுன் பஸ் பிடித்தால்தான் போய்ச் சேர முடியும். மையம் திறப்பதோ அதற்குப் பிறகு பல மணி நேரம் கழித்து. இடைப்பட்ட நேரத்தில் தம்பியைப் பார்த்துக்கொள்வது அக்காதான். "இந்த ஜனங்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்று சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். அக்கறை இல்லாமலா அந்த அம்மா இருட்டில் கிளம்புகிறாள்?

காலை உணவுத் திட்டம் 2023-இல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபோது நிஜமாகவே நிம்மதியாக இருந்தது. ஐந்தாம் வகுப்பு வரை பசி கவலை குறைந்தது. பள்ளி வயதே வராத பிள்ளைகளுக்குக் காலை ஆறு மணியிலிருந்து யார் துணை?

இன்னொன்று, கணக்கில் வராத இழப்பு. பழைய இடத்தில் நர்சம்மாவுக்கு எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்று அட்டையைப் பார்க்காமலே தெரியும். புது இடத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது. அட்டை தொலைந்திருந்தால் தொலைந்ததுதான்.

குடும்பங்களை மாற்றுவதற்கு முன்பே அங்கே மையம் திறந்திருக்க வேண்டும், அம்மா பஸ் ஏறும் நேரத்துக்கே. எட்டாவது படித்த ஒரு பெண் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் என் வாசலில் காத்திருப்பாள். நான் பூட்டைத் திறந்து அவனை வாங்கிக்கொண்ட பிறகுதான் அவள் பள்ளிக்கு ஓடுவாள்.