பெட்ரோல் முள் பொய் சொன்னால்: கேள்வி பதில்

பெரம்பூர் வாசகர்: அண்ணா, டேங்க் நிரப்பினாலும் என் பழைய பைக்கில் முள் காலியிலேயே கிடக்கிறது. மீட்டரை மொத்தமா மாத்தணும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடட்டுமா?

அவசரப்படாதீங்க தம்பி. டேங்கில் இருக்கும் ப்ளோட் யூனிட்டின் (பெட்ரோலில் மிதந்து அளவு சொல்லும் பாகம்) கப்ளரை, அதாவது வயர் இணைப்பைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, மீட்டர் பக்கம் போகும் இரண்டு வயரையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துப் பிடியுங்கள், டேங்க் மூடி மூடியே இருக்கட்டும். முள் நகர ஆரம்பித்ததும் எடுத்துவிடுங்கள். நகர்ந்தால் மீட்டரும் வயரிங்கும் சரி, கோளாறு டேங்குக்குள்தான். அசையவே இல்லையென்றால் ஃப்யூஸையும் மீட்டருக்கு வரும் கரண்டையும் பாருங்கள். டிஜிட்டல் மீட்டர் வண்டியில் மட்டும் இப்படிச் சேர்த்துப் பார்க்க வேண்டாம், மல்டிமீட்டரே போதும்.

அம்பத்தூர் வாசகர்: ப்ளோட் யூனிட்டை மல்டிமீட்டரில் அளந்தால் எத்தனை ஓம் (மின்தடை) காட்டினால் சரி, சார்?

வண்டிக்கு வண்டி மாறும். ஒரு வகையில் காலி டேங்குக்கு 10, நிரம்பினால் 180. இன்னொரு வகையில் தலைகீழ், காலிக்கு 240, நிரம்பினால் 33. அதனால் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். அதைவிட முக்கியம், யூனிட்டைக் கழற்றி வைத்து ப்ளோட் கம்பியைக் கீழிருந்து மேலே மெதுவாகத் தூக்கும்போது எண் சீராக மாறுகிறதா என்பது. நடுவில் சட்டென்று குதித்தாலோ காணாமல் போனாலோ அந்த இடத்தில், யூனிட்டின் தொடுமுனை உரசி ஓடும் தடம் தேய்ந்திருக்கிறது அல்லது அழுக்கேறியிருக்கிறது. எப்போதும் இருநூறு ரூபாய்க்கே பெட்ரோல் போட்டு ஓட்டினால் தடத்தின் ஒரே ஓரத்தில்தான் தொடுமுனை உரசிக்கொண்டிருக்கும், உற்றுப் பார்த்தால் அங்கே மட்டும் பளபளவென்று ஒரு கோடு தெரியும். அழுக்கு என்றால் கான்டாக்ட் க்ளீனர் அடித்துப் பஞ்சால் துடையுங்கள். உப்புத்தாள் மட்டும் போடவே போடாதீர்கள், மிச்சமிருக்கும் தடமும் போய்விடும்.

வேளச்சேரி வாசகர்: மழைத் தண்ணீரில் வண்டி நின்றதிலிருந்து முள் ஆடுகிறது.

முதலில் எர்த்தைப் பாருங்கள், அதாவது பேட்டரி நெகட்டிவுக்குப் போகும் இணைப்பை. கப்ளர் பின்னில் பச்சையாகப் பூத்திருக்கும், சுரண்டி எடுங்கள். எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே கிட்டத்தட்ட பூஜ்ஜியம் ஓம் வர வேண்டும். திருவான்மியூர் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளுக்கும் இதேதான்.

ராயபுரம் வாசகர்: ப்ளோட் ஓட்டை. பித்தளைதான், ஈயம் வைத்து அடைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். குலுக்கினால் உள்ளே சளக் சளக்கென்று கேட்கிறதல்லவா, அது பெட்ரோல். சூடு பட்டால் வெடிக்கும். புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ விசாரித்து வேறு வாங்குங்கள், பழையதைக் கையோடு கொண்டு போங்கள்.

தாம்பரம் வாசகர்: காரில் ப்ளோட் யூனிட்டை நானே கழற்றலாமா? அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் இடம் இருக்கிறது.

பேஸ்மென்ட்டில் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட கனம், தரையோடு தேங்கி நிற்கும், எங்கோ ஒரு ஸ்விட்ச் தட்டினாலே போதும். வெட்டவெளியில், டேங்க் பாதிக்குக் கீழே இருக்கும்போது, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். நிறைய கார்களில் பின் சீட்டுக்கு அடியிலேயே மூடி இருக்கும். யூனிட்டின் பழைய ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) திரும்பப் போடாதீர்கள், பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும். பூட்டியதும் டேங்கை நிரப்பி, ஓரத்தில் கசியவில்லை என்று பார்த்த பிறகே சீட்டை மாட்டுங்கள்.