ஐயா வைத்திருந்த பழைய ஆட்டோமேட்டிக் வாட்ச் கிடைத்திருக்கிறது. எப்படிப் பராமரிப்பது?

உங்கள் ஐயா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சீக்கோ 5, தேவகோட்டை வீட்டுப் பெட்டகத்திலிருந்து எடுத்து லேசாக ஆட்டியதும் ஓட ஆரம்பித்துவிட்டது. இனி தினமும் கட்டலாமா, டயலில் இருக்கும் கறுப்புப் புள்ளிகளைப் போக்கிப் புதுசாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தினமும் கட்டலாம், ஆனால் இப்போதே வேண்டாம். டயலைத் தயவுசெய்து தொடவே வேண்டாம்.

பழைய வாட்ச் விஷயத்தில் எல்லாரும் நம்பிவிடுவது "ஓடுகிறதே, அப்புறம் என்ன?" என்பதைத்தான். ஓடுவது வேறு, நன்றாக இருப்பது வேறு. இந்த வகை மிஷின் மணிக்கு 21,600 தடவை அடிக்கிறது, அதாவது வினாடிக்கு ஆறு. ஒரு நாளில் ஐந்து லட்சத்தைத் தாண்டிவிடும். முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பாலன்ஸ் வீலைத் தாங்கும் அச்சின் முனை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான். அந்த முனையும் அதைத் தாங்கும் சிறு கல்லும் உரசாமல் இருப்பது ஊசிமுனை அளவு எண்ணெயால். பல வருடம் சும்மா கிடந்த வாட்ச்சில் அந்த எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். பெட்டகத்தில் கிடந்தவரை ஒன்றும் தேயவில்லை. நீங்கள் கட்டிக்கொண்டு நடக்கும் ஒவ்வொரு நாளும்தான் தேயும்.

எங்கள் அப்பச்சியின் வாட்ச்சைக் காரைக்குடியில் ஒரு ரிப்பேர்காரர் திறந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். பின்மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் தார் மாதிரி உருகி, சிமிட்டாவில் நூல் நூலாக ஒட்டிக்கொண்டு வந்தது. மூடியின் மரையில் பழுப்புத் துரு. கை அசைவில் சுழன்று ஸ்பிரிங்கை ஏற்றும் தகடான ரோட்டரின் நடு அச்சைச் சுற்றி மங்கலான உலோகப் பொடி ஒரு வட்டமாகப் படிந்திருந்தது. ரோட்டர் உலர்ந்தே சுற்றிச் சுற்றித் தேய்த்த பொடி அது. கண்ணில் லென்ஸை வைத்துக் கல்லைக் காட்டினார். பளபளவென்று ஒரு எண்ணெய் வளையம் தெரிய வேண்டிய இடத்தில் பழுப்பு நிறப் பசை. அன்று காலை வரை அந்த வாட்ச் நேரம் தப்பாமல் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அதனால் முதல் செலவு ஆயில் சர்வீஸ். யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதைவிட என்ன செய்யப்போகிறார் என்பதைக் கேளுங்கள். மிஷினை முழுசாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் கழுவி, பழுதைப் பார்த்து, திரும்பப் பூட்டி எண்ணெய் வைப்பதுதான் சர்வீஸ். மிஷினை அப்படியே ஒயிட் பெட்ரோலில் முக்கி எடுத்து, இரண்டு சொட்டு விட்டுக் கொடுத்துவிடும் வழக்கமும் உண்டு. சில மாதம் அருமையாக ஓடும், பிறகு பழைய கதைதான். மோபியஸ் 9010 போன்ற வாட்ச் எண்ணெய்தான் போடுகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டால் நல்ல கைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார், சந்தோஷப்படுவார். தையல் மிஷின் எண்ணெய் கூடவே கூடாது. அது நின்ற இடத்தில் நிற்காமல் பரவிவிடும். எதையாவது மாற்றினால் கழற்றிய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். சர்வீஸ் கூலி வாட்ச்சின் சந்தை விலையை நெருங்கலாம், அதைக் கேட்டுப் பின்வாங்க வேண்டாம். உங்கள் ஐயா கையில் இருந்த வாட்ச்சுக்குச் சந்தையில் விலை கிடையாது.

டயலுக்கு வருகிறேன். ரீ-டயல் என்றால் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதுசாகப் பெயின்ட் அடித்து எழுத்தை அச்சிடுவது. எழுத்து தடிமனாகும், கோடுகள் முள்ளோடு சேராது, கம்பெனி செய்த நேர்த்தி ஒருநாளும் திரும்பி வராது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் போய் ஒரு தேக்குப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். பழைய மெருகை இழைத்துத் தள்ளிவிட்டு வார்னிஷ் அடித்ததை விவரம் தெரிந்தவர் எடுக்க மாட்டார். வாட்ச்சும் அப்படித்தான். புள்ளி இருந்துவிட்டுப் போகட்டும். கேஸை பஃப் அடித்துப் பளபளப்பாக்குவதும் வேண்டாம், கூரான விளிம்பெல்லாம் மழுங்கிவிடும். கண்ணாடி மட்டும் கீறலாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம், அதில் தவறில்லை.

பின்மூடியைப் பார்த்தீர்களா? 7009 அல்லது 6309 என்று தொடங்கும் எண் மிஷின் வகையைச் சொல்லும். தனியாக ஆறு இலக்கத்தில் இருப்பது வரிசை எண். அதன் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். நவம்பர், டிசம்பருக்கு மட்டும் அந்த மாதத்தின் முதல் ஆங்கில எழுத்து இருக்கும். 83 என்று தொடங்கினால் எட்டில் முடியும் வருடத்து மார்ச். 1978ஆ, 1988ஆ என்பதை மிஷின் வகையையும் ஐயா ஊருக்கு வந்துபோன வருடங்களையும் வைத்து முடிவு செய்யலாம். உங்கள் அப்பத்தாவிடம் கேட்டால் எந்தக் கல்யாணத்துக்கு அந்த வாட்ச்சைக் கட்டிக்கொண்டு வந்தார் என்பதுவரை சொல்லிவிடுவார்கள். கேட்டு எழுதி வையுங்கள்.

இனி கட்டும் முறை. சீக்கோ 5 வரிசை 1963இல் வந்தது. கீ சின்னதாக நான்கு மணிப் பக்கம் ஒடுங்கியிருப்பது, தினமும் கீ கொடுக்கும் வேலை இல்லை என்பதால். 7009, 6309 இரண்டிலும் கீயைத் திருகினால் ஸ்பிரிங் ஏறாது, கை அசைவில்தான் ஏறும். நின்றுபோயிருந்தால் படுக்கை வாக்கில் பிடித்து அரை நிமிடம் மெதுவாக ஆட்டி, நேரம் வைத்துக் கட்டிக்கொண்டு நடங்கள். இருமல் மருந்து பாட்டிலைக் குலுக்குகிற மாதிரி குலுக்க வேண்டாம். கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவர் கையில் ஸ்பிரிங் முழுசாக ஏறாமல் இரவில் நின்றுவிடும், அது பழுதல்ல. முழுசாக ஏறியது கழற்றி வைத்தபிறகும் ஒன்றரை நாள் போல ஓட வேண்டும்.

தேதியையும் கிழமையையும் கீயால் நேரடியாக மாற்றுவதை இரவு ஒன்பதிலிருந்து விடிகாலை நாலு மணிவரை செய்யாதீர்கள். அந்நேரம் தேதிச் சக்கரத்தைத் தள்ளும் பல் ஏற்கெனவே கோத்துக்கொண்டிருக்கும், திருகினால் உடையும். வாட்ச் எந்த நேரத்தில் நின்றது என்று தெரியாவிட்டால் முதலில் முள்ளைக் கீழே ஆறு மணிக்குக் கொண்டுவந்துவிட்டுத் தேதியை மாற்றுங்கள்.

நம் ஊரில் இந்த வாட்ச்சுக்கு உண்மையான எதிரி வியர்வை. சித்திரை வெயிலில் மத்தியானம் வெளியே போய்வந்தால் பின்மூடியும் செயினும் நனைந்துவிடும். வியர்வையில் இருக்கும் உப்பு எவர்சில்வரையும் குழி குழியாக அரிக்கும். நம் காரைக்குடியில் இருக்கும் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கூடம் இந்த அரிமானத்தையும் ஆராய்கிறது; அவ்வளவு பெரிய விஷயம் அது. வீட்டுக்கு வந்ததும் கழற்றி, பழைய வேட்டித் துண்டால் பின்பக்கத்தைத் துடைத்து வையுங்கள். மாதம் ஒருமுறை செயினை மட்டும் தனியாகக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் காயவைத்து மாட்டுங்கள். தோல் ஸ்ட்ராப் கோடையில் நாறிப்போகும். நைலான் ஸ்ட்ராப் நல்லது.

பின்மூடியில் தண்ணீர் புகாது என்று எழுதியிருப்பது புது ரப்பர் இருந்த காலத்துக்கு. ஊருணியிலோ பம்புசெட்டிலோ குளிக்கும்போது கழற்றிவிடுங்கள். கண்ணாடிக்குள் ஆவி படிந்ததைப் பார்த்தால் அரிசி டின்னில் போட்டு வைக்காமல், அன்றைக்கே திறக்கக் கொடுங்கள். உள்ளே இருக்கும் இரும்புக்கு ஓர் இரவே போதும்.

திடீரென்று ஒரு நாளில் பல நிமிடம் வேகமாக ஓடினால் காந்தம் ஏறியிருக்கலாம். ஸ்பீக்கர், கைப்பை மூடியில் இருக்கும் காந்தம், இண்டக்‌ஷன் அடுப்பு இவற்றோடு ஒட்டி வைக்காதீர்கள். ரிப்பேர் கடையில் சில வினாடியில் எடுத்துவிடுவார்கள்.

சர்வீஸ் முடிந்து கைக்கு வந்தபின் இரண்டு வாரம் தினமும் ஒரே நேரத்தில் போன் நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்து வாருங்கள். நாளுக்கு இருபது முப்பது வினாடிக்குள் இருந்தால் இந்த வயது மிஷினுக்கு நல்ல ஓட்டம். தினமும் ஒரே பக்கமாக அதற்கு மேல் போனால் அந்தத் தாளோடு அதே ரிப்பேர்காரரிடம் போங்கள். பின்மூடியைத் திறந்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரை ஒரு நூல் நகர்த்தித் தந்துவிடுவார்.