ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு

அன்புள்ள ஐயா,

எனக்கு 22 வயது. பரமத்தி வேலூர் பக்கம். டிப்ளமோ முடித்து ஒரு மில்லில் இருந்தேன், ஒட்டவில்லை. லாரி ஓட்டலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் யாரும் இந்தத் தொழிலில் இல்லை. கார் லைசென்ஸ் எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. டிரைவிங் ஸ்கூலில் ‘ஹெவி எடுத்துத் தருகிறோம், நேராக வேலைக்குப் போகலாம்’ என்கிறார்கள். நாமக்கல்லில் இரண்டு ஓனர்களைப் பார்த்தேன். ‘எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?’ என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். ஓட்டவே விடாவிட்டால் அனுபவம் எங்கிருந்து வரும்? கிளீனராகப் போவது கௌரவக் குறைச்சல் என்கிறார் அப்பா. ட்ரெய்லருக்குச் சம்பளம் அதிகமாம், எடுத்ததும் அதற்கே போய்விடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

லைசென்ஸ் விஷயம் சுலபம், அதை முதலில் முடித்துவிடுகிறேன். 20 வயது நிறைந்து, கார் லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகியிருந்தால் ஹெவிக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போடலாம். உங்களுக்கு இரண்டும் சரியாக இருக்கிறது. டாக்டரிடம் மருத்துவச் சான்றான படிவம் 1ஏ, அங்கீகாரமுள்ள பயிற்சிப் பள்ளியிடம் பயிற்சிச் சான்றான படிவம் 5 வாங்க வேண்டும். எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். அது செல்லுபடியாவது ஆறு மாதம். எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்ற விதியை 2019-இல் எடுத்துவிட்டார்கள். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக வாகனப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நாமக்கல்லிலேயே அசோக் லேலண்டின் பயிற்சி நிலையம் இருக்கிறது. இரண்டையும் நேரில் போய் விசாரியுங்கள்.

அந்த ஓனர்கள் ஏன் அனுப்பினார்கள் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்கூல் வண்டி காலி வண்டி. மிதித்த இடத்தில் நிற்கும், திருப்பிய பக்கம் திரும்பும். ஆறு சக்கர லாரியில் வண்டி எடையும் சரக்கும் சேர்த்து 18.5 டன், பத்துச் சக்கர டாரஸில் 28.5 டன் வரை ஏற்றலாம். அந்த எடை பின்னாலிருந்து தள்ளும்போது வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பது டெஸ்ட் டிராக்கில் தெரியவே தெரியாது. ஓனர் கேட்கும் எக்ஸ்பீரியன்ஸ் அதுதான்.

அதற்கு இரண்டு வழி சொல்கிறேன். முதல் வழிக்கு இப்போது கையில் இருக்கும் கார் லைசென்ஸே போதும். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸோடு, அதாவது கார் லைசென்ஸோடு, ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. டாடா ஏஸ், தோஸ்த் மாதிரி வண்டிகள் இந்த வரம்புக்குள் வரும். லோடு கட்டுவது, பில் பார்ப்பது, சந்தில் ரிவர்ஸ் எடுப்பது, இறக்குமிடத்தில் காத்துக் கிடப்பது எல்லாம் அதிலேயே பழகிவிடும்.

இரண்டாவது வழி, உங்கள் அப்பாவுக்குப் பிடிக்காத கிளீனர் சீட். இதில் நான் அவர் பக்கம் இல்லை. இந்தத் தொழிலின் பள்ளிக்கூடமே அந்த சீட்தான். இப்போது பல வண்டிகளில் கிளீனரே கிடையாது, சிங்கிள் டிரைவர்தான். கற்றுத்தரும் மனசுள்ள டிரைவர் பக்கத்தில் இடம் கிடைத்தால் விடாதீர்கள், மூன்று மாதமாவது உட்காருங்கள். ஆனால் ‘ராத்திரி ரோடு காலியா இருக்கு, கொஞ்சம் பிடி’ என்று லோடு வண்டியை உங்கள் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள். பாதிப் பேர் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் லைசென்ஸுள்ள பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, எல் போர்டு மாட்டித்தான் ஓட்ட வேண்டும். சரக்கு வண்டி இன்சூரன்ஸில் இன்னொரு நிபந்தனையும் உண்டு: விபத்து நேரத்தில் வண்டியில் சரக்கு ஏற்றிச் செல்லாமல் இருந்தால்தான் எல்.எல்.ஆர். செல்லும். லோடு இருந்தால் நஷ்டமெல்லாம் ஓனர் தலையில் விழும், பிறகு உங்கள் தலையில். எனவே காலி வண்டியில் மட்டும். சேரும்போதே பாலிசியை வாங்கிப் பாருங்கள். டிரைவருக்கு மட்டுமல்ல, கிளீனருக்கும் சேர்த்துப் பிரீமியம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

கிளீனராக இருக்கும்போது என்ன கவனிப்பது? லாரி பிரேக் காற்றழுத்தத்தில் இயங்குவது. காலையில் என்ஜினைப் போட்டதும் டிரைவர் அந்த அழுத்தத்தைக் காட்டும் ஏர் மீட்டரைப் பார்ப்பார். ஏர் ஏறும் வரை வண்டி நகராது, ஹேண்ட் பிரேக்கே விடாது. அதில் ஸ்பிரிங்தான் சக்கரத்தைப் பிடித்திருக்கும், காற்றுதான் அதை விடுவிக்கும். ஏர் டேங்கின் அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீரை இறக்க வேண்டும். விட்டுவிட்டால் அது வால்வுகளுக்குள் போய்த் துருப்பிடிக்க வைக்கும். ஜோடி டயர்களுக்கு நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், அது பக்கச் சுவரை அறுத்துவிடும். டீக்கு நிறுத்தும்போதெல்லாம் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது. டயர் மாற்றியிருந்தால் நூறு கிலோமீட்டருக்குள் நிறுத்தி நட்டுகளை இன்னொரு முறை இறுக்க வேண்டும். சக்கரம் கழன்று ஓடும் விபத்துகளில் பல, இந்த இரண்டாவது இறுக்கலை விட்டதால் வருபவை.

தொப்பூர் கணவாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தருமபுரியிலிருந்து சேலம் வரும் இறக்கத்தில் அத்தனை லாரிகள் மோதுவதற்கு ரோட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுகிறார்கள், சிலர் என்ஜினையே நிறுத்திவிடுகிறார்கள். நியூட்ரலில் வண்டியைப் பிடிக்க என்ஜின் இல்லை, பிரேக் மட்டும்தான். மிதிக்க மிதிக்க பிரேக் டிரம் சூடேறும், அதை உரசிப் பிடிக்கும் லைனிங் பிடிப்பை இழக்கும். என்ஜினும் நின்றிருந்தால் டேங்கில் காற்றை நிரப்பும் கம்ப்ரஸர் ஓடாது, ஒவ்வொரு மிதிக்கும் டேங்கில் ஏர் குறைந்துகொண்டே போகும், பவர் ஸ்டியரிங்கும் இருக்காது. இதில் வேடிக்கை என்னவென்றால், இப்போதைய எலெக்ட்ரானிக் என்ஜின்களில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கினால் டீசல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில் ஐடிலிங்குக்காகவாவது கொஞ்சம் எரிந்துகொண்டிருக்கும்.

இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதியில் குறைக்கப் பார்த்தால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். என்ஜின் புகை வெளியேறுவதை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடுங்கள். காலை பிரேக்கில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து விடுங்கள், மறுபடி கூடினால் மறுபடி அழுத்துங்கள். லைனிங் கருகும் வாசனை வந்தால் ஒதுங்கி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, டிரம் விரிசல் விடும். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள், பின்னால் பைக்கில் வருபவன் உங்களைத் திட்டாமல் இருப்பான்.

பேப்பர்களில் புதியவர்கள் மாட்டுவது இரண்டு இடத்தில். ஒன்று இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு. சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. வழியில் வண்டி நின்றுபோனால், காலாவதி நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்போ பின்போ நீட்டித்துக்கொள்ளலாம். அதற்குள் ஆபீஸுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். இன்னொன்று ஓவர்லோடு. அபராதம் 20,000 ரூபாய், அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஓட்டுபவர் மீதும் வழக்கு வரும். எடை மேடைச் சீட்டைக் கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள். சம்பளம், படி பேசும்போதே அபராதம் யார் கணக்கு, டீசல் கூடுதலாகப் பிடித்தால் யார் கணக்கு என்று கேட்டுவிடுங்கள். ‘அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று சொல்பவரிடம் அட்வான்ஸ் வாங்காதீர்கள்.

ட்ரெய்லருக்கு எடுத்ததும் போக வேண்டாம். ஆறு சக்கரத்தில் ஒரு வருடம், டாரஸில் ஒரு வருடம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். உங்கள் பக்கம் கேஸ் டேங்கர் அதிகம். அதற்கு லைசென்ஸில் அபாயகரமான சரக்குக்கான தனிப் பதிவு வேண்டும், மூன்று நாள் பயிற்சி. அந்தப் பதிவு உள்ளவரைத் தேடித்தான் ஓனர் வருவார். ட்ரெய்லரில் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். இடது பக்கம் நிற்கும் பைக் உங்களுக்குக் கண்ணாடியில் தெரியாது. ரிவர்ஸில் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் பின்பகுதி வலது பக்கம் போகும். கொஞ்சம் அதிகமாக ஒடித்துவிட்டால் கேபினும் ட்ரெய்லரும் பேனாக்கத்தி மாதிரி மடங்கும். அப்போது இன்னும் பின்னால் எடுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். வண்டியை முன்னால் எடுத்து நேராக்கி, முதலிலிருந்து தொடங்குங்கள்.