இரவில் தடுமாறும் ஜிபிஎஸ்: முல்லைத்தீவு அண்ணாவுக்கு

அண்ணா, பொழுதுபட்ட பிறகு வலை போட்ட இடத்தை ஜிபிஎஸ் மாற்றிக் காட்டுகிறது, புதிது வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டுக் காசைக் கொட்டாதீர்கள்.

முல்லைத்தீவு அடங்கும் நம் வன்னி, பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு (காந்தப்புலம் தரைக்குச் சமாந்தரமாக இருக்கும் கோடு) மிக அருகில் இருக்கிறது. இருட்டியதும் நமக்கு மேலே அயனி மண்டலத்தில் (மின்னேற்றத் துகள்கள் நிறைந்த மேல் வளிமண்டலப் பகுதி) அடர்த்தி குறைந்த குமிழிகள் எழும்பும். அவற்றினூடாக வரும் செய்மதிச் சமிக்ஞை நடுங்கும். பங்குனி, புரட்டாதியை ஒட்டி இது அதிகம். சூரியனின் செயற்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இன்னும் மோசம். அந்தச் செயற்பாடு கூடிக் குறையும் சுழற்சிகளில் இப்போதைய 25ஆவது சுழற்சி 2024இல் உச்சக் காலத்தை எட்டியது. சூரியப் புயல் இல்லாத இரவிலும் இது வரும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

திரையில் செய்மதிச் சமிக்ஞையின் பலத்தைக் காட்டும் பட்டைகளைக் கவனியுங்கள். ஏறி இறங்கி, நள்ளிரவுக்குப் பின் சீரானால் பெரும்பாலும் இதுவே காரணம். திசைகாட்டி இல்லாமல் கடலுக்குப் போகவே வேண்டாம். பகலிலும் தடுமாறினால் அன்டெனா இணைப்பில் உப்புப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.