நிருபங்களுக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? – கேள்வி பதில்

ஐயா, இயேசு ஒரு கடிதம்கூட எழுதி வைக்கவில்லை. அப்படியிருக்க, பவுல் எழுதிய நிருபங்களை, அதாவது கடிதங்களை, ஏன் வேதமாக ஏற்கிறோம்?

பவுல் இயேசுவின் அப்போஸ்தலன். அப்போஸ்தலன் என்றாலே அனுப்பப்பட்டவன். அதிகாரம் அனுப்பியவருடையது. இதைப் பவுல் மறக்கவே இல்லை. அவர் கொரிந்து சபைக்கு எழுதிய 1 கொரிந்தியர் 7-ஐத் திறந்து பாருங்கள். கணவனை மனைவி பிரியக் கூடாது என்னும்போது, கட்டளையிடுவது நானல்ல, கர்த்தர் என்கிறார். இரண்டு வசனம் தள்ளி, இது கர்த்தர் அல்ல, நான் சொல்வது என்கிறார். இந்த நேர்மைதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை தருகிறது.

சுவிசேஷங்கள் முதலில், நிருபங்கள் பிறகு என்பதுதானே சரி?

பைபிளில் அடுக்கிய வரிசை அது. எழுதிய வரிசை வேறு. பவுலின் 1 தெசலோனிக்கேயர் நிருபம் கி.பி. 50-ஐ ஒட்டியது, நான்கு சுவிசேஷங்களும் அதற்குப் பிந்தியவை என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு.

ஆனால் விசுவாசம் நிருபங்களுக்கும் முந்தியது, அதைக் கவனியுங்கள். 1 கொரிந்தியர் 15-ல், கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார் என்று பவுல் எழுதும்போது, தான் பெற்றுக்கொண்டதையே ஒப்புவித்ததாகச் சொல்கிறார். அவருக்கு முன்பே சபை மனப்பாடமாகச் சொல்லிவந்த வரிகள் அவை. அப்புறம், உயிர்த்தெழுந்தவரைக் கண்ட ஐந்நூறுக்கும் அதிகமானவர்களில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார். போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வது போலத்தான் இருக்கிறது.

அண்ணா, பவுலின் பெயரில் வேறு யாராவது எழுதியிருந்தால்?

அந்தப் பயம் அன்றைக்கே இருந்தது. எங்களிடமிருந்து வந்ததாகச் சொல்லும் நிருபத்தைக் கண்டு கலங்காதீர்கள் என்று 2 தெசலோனிக்கேயர் எச்சரிக்கிறது. ரோமருக்கு எழுதிய நிருபத்தைப் பவுல் சொல்லச் சொல்ல எழுதியவர் தெர்தியு. 16-ஆம் அதிகாரத்தில் அவரே வாழ்த்துச் சொல்கிறார். கலாத்தியர் முடிவில் பவுல் தாமே எழுதுகோலை வாங்கி, எவ்வளவு பெரிய எழுத்துகளாய் என் கையால் எழுதுகிறேன் பாருங்கள் என்கிறார். வாங்கியவர்களுக்கு அந்தக் கையெழுத்தே அடையாளம்.

ரோமாபுரி சபையின் ஆதித் தலைவர் கிளெமெந்து எழுதிய கடிதம் ஏன் பைபிளில் இல்லை?

நல்ல கடிதம், தம்பி, கிடைத்தால் படியுங்கள். முதல் நூற்றாண்டின் இறுதியில் கொரிந்துக்குப் போனது, கி.பி. 170 வாக்கிலும் அங்கே சபையில் வாசித்தார்கள். ஆனாலும் அவர் அப்போஸ்தலர் அல்ல. அடுத்த தலைமுறைக்கே அந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்திருந்தது. இரத்தசாட்சியாய் மரிக்கப் போகும் வழியில் அந்தியோக்கியா சபையின் ஆயர் இக்னாசியு ரோமருக்கு எழுதுகிறார்: பேதுருவையும் பவுலையும் போல நான் கட்டளையிடவில்லை, அவர்கள் அப்போஸ்தலர்.

எபிரெயர் நிருபத்தை எழுதியது பவுலா?

அதில் பெயரே இல்லை. எழுதியவர் யாரென்று கடவுளுக்கே தெரியும் என்றார் மூன்றாம் நூற்றாண்டு வேத அறிஞர் ஒரிகேன். மேற்கத்திய சபைகளில் அதை ஏற்க நெடுநாள் தயங்கினார்கள். அலெக்சந்திரியாவின் ஆயர் அத்தனாசியு கி.பி. 367-ல் தந்த புதிய ஏற்பாட்டின் 27 நூல்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது.