ஆங்கிலக் கவிதையில் 'ஓட்' என்பது வெறும் புகழ்ச்சிப் பாட்டுதானா?

இல்லை. "ஒருவரையோ ஒரு பொருளையோ விளித்து, உயர்ந்த நடையில் புகழ்ந்து பாடுவது" என்று நானும் பி.ஏ. தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். விளிப்பது சரி. புகழ்ச்சிதான் எல்லா இடத்திலும் ஒத்துவராது. கோல்ரிட்ஜ் 1802-இல் தன் மனச்சோர்வைப் பற்றியே ஓர் ஓட் எழுதினார். பாட்டு எங்கே திரும்புகிறது என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு இந்த வடிவம் பிடிபட்டது.

கிரேக்கக் கவிஞர் பிண்டார், ஒலிம்பியா போன்ற இடங்களில் பந்தயம் வென்றவர்களுக்காகப் பாடினார். மூன்று மூன்று பகுதிகளாக வரும். முதல் பகுதிக்குப் பாடி ஆடும் குழுவினர் ஒரு பக்கமாக ஆடிச் செல்வார்கள், இரண்டாவதற்கு எதிர்ப்பக்கம் திரும்புவார்கள், மூன்றாவதற்கு நின்று பாடுவார்கள் என்பது மரபான விளக்கம். ரோமின் ஹொரேஸுக்கு இந்த ஆரவாரம் எல்லாம் இல்லை; அளவொத்த சிறு பத்திகளில் நண்பரிடம் பேசுவதுபோல எழுதினார்.

பென் ஜான்சன் பிண்டாரின் வழியை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். 1629-இல் இளம் வயதில் இறந்த ஹென்றி மாரிசனையும் அவருடைய நண்பர் லூசியஸ் கேரியையும் பாடியபோது, பகுதிகளுக்குத் 'திருப்பம்', 'எதிர்த்திருப்பம்', 'நிலை' என்று பொருள்படும் தலைப்புகளையே இட்டார். அதில் ஒரு குறும்பு உண்டு. 'பென்' என்று எதிர்த்திருப்பத்தை முடித்துவிட்டு, 'ஜான்சன்' என்று அடுத்த பகுதியைத் தொடங்குகிறார். நண்பர்களைச் சாவு பிரித்த கதையில் கவிஞரின் பெயரும் பிளந்து கிடக்கிறது!

1656-இல் ஆபிரகாம் கௌலி, பிண்டார் பாணி என்ற பெயரில் அடிகளை விருப்பம்போல நீட்டியும் குறுக்கியும் எழுத, பலரும் அதைப் பின்பற்றினார்கள். பிண்டாரிடம் கறாரான ஒழுங்கு இருக்கிறது என்று 1706-இல் ஆங்கில நாடகாசிரியர் காங்கிரீவ் கண்டித்தார். கண்டித்தது நியாயம்தான். ஆனாலும் கௌலியின் மீது எனக்குக் கோபம் வருவதில்லை. 1807-இல் வெளிவந்த வேர்ட்ஸ்வொர்த்தின் பெரிய ஓட் அந்தச் சீரற்ற அடிகளில்தான் நடக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, கீட்ஸ் 1819-இல் நைட்டிங்கேல் பறவையை விளித்துப் பாடியது. பத்து அடிகள் கொண்ட எட்டுப் பத்திகள். ஒவ்வொன்றிலும் எட்டாம் அடி மட்டும் குட்டை. பறவையின் குரலோடு கவிஞரின் மனம் எங்கெங்கோ போகிறது. ஏழாம் பத்தியின் முடிவில், ஆபத்தான கடல்களை நோக்கித் திறக்கும் மாயச் சன்னல்கள் வரை போய்விடுகிறது. அந்தப் பத்தியின் கடைசிச் சொல் 'ஃபோர்லார்ன்', அதாவது ஆளற்றுக் கைவிடப்பட்டது. எட்டாம் பத்தி அதே சொல்லில் தொடங்குகிறது. அந்தாதி என்று நாம் உடனே சொல்லிவிடுவோம். ஆனால் நம் அந்தாதி பாட்டை முன்னே நகர்த்தும். இங்கே அந்தச் சொல்லே மணிபோல ஒலித்து, பறவையிடமிருந்து தன்னைத் தன்னிடமே திருப்பி இழுக்கிறது என்கிறார் கீட்ஸ்.

வகுப்பில் இதைப் பத்தி பத்தியாக நிறுத்தித்தான் படித்தோம். நீங்கள் ஏழாம் பத்தியின் கடைசி இரண்டு அடிகளையும் எட்டாம் பத்தியின் முதல் இரண்டு அடிகளையும் மூச்சுவிடாமல் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.